இருபத்து மூன்றாம் பக்கத்து வட்டம்

என் அக்கா காதல் கதை படிப்பாள். வயது ஐம்பத்து நாலு. "பேரன் பேத்தி எடுக்கற வயசுல இது என்ன கூத்து?" என்று நான் திட்டினால், "நீ எடுத்துக்கோ, எனக்கு இன்னும் நாப்பது பக்கம் இருக்கு" என்பாள். அதற்கு மேல் அவளிடம் என்ன பேச?

தையல் கம்பெனியில் அவளுக்குப் பிசிறு வெட்டும் வேலை. தைத்து வரும் சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களைக் குட்டிக் கத்தரியால் வெட்ட வேண்டும். காலர், கை, பட்டன் துளை, அடுத்த சட்டை. கை பாட்டுக்கு வெட்டும். ஆள் அங்கே இருக்க மாட்டாள். மலைமேல் ஒரு பங்களா, ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, முறைப்பான ஒரு முதலாளி, அவனுக்கு டைப் அடிக்க வந்த ஒருத்தி. சூப்பர்வைசர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் மலையிலிருந்து இறங்கி வருவாள். வீட்டிலும் அப்படித்தான். சாயங்காலம் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தால் முகம் மெல்ல இளகும், உதடு லேசாகப் பிரியும். அடுப்பில் பால் பொங்கி வழியும். அத்தான் எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து, எதிரே உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். லேத் பட்டறைக்காரர். நாள் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு, வீட்டில் பேச வார்த்தை மிச்சம் இல்லாதவர்.

புத்தகம் எல்லாம் வாடகை நூலகத்துச் சரக்கு. கதை ஒன்றுதான், அட்டைதான் வேறு. பாதி படித்த பிறகு, "அட, இவளை முன்னமே கட்டிக் கொடுத்தாச்சே!" என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டிவரும். அதனால் அங்கே வாடிக்கையாகப் படிக்கிறவர்கள் ஆளுக்கொரு குறி வைத்திருந்தார்கள். ஒருத்தி நட்சத்திரம் போடுவாள். அக்கா, படித்து முடித்த புத்தகத்தில் இருபத்து மூன்றாம் பக்கத்தின் அடியில் பென்சிலால் ஒரு குட்டி வட்டமும் அதற்குள் ஒரு புள்ளியும் வைப்பாள். எடுக்கும்போது அந்தப் பக்கத்தைப் புரட்டினால் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள். பக்கத்துத் தெருதான். கையில் ஒரு புத்தகம். முகம் வெளிறிப் போயிருந்தது.

"என் குறி இருக்குடி. ஆனா கதை ஒரு வரி கூட ஞாபகம் இல்ல."

"எல்லாம் ஒரே கதைதானே, எதைன்னு ஞாபகம் வச்சுக்கறது?"

"இது ஒண்ணு இல்ல. இதோட ஏழு."

எங்கள் அம்மா இப்படித்தான் ஆரம்பித்தாள். முதலில் சாவியை மறந்தாள், அப்புறம் தெருவை. கடைசியில் எங்கள் இருவரையும் பார்த்து, "நீங்க யாரு வீட்டுப் பொண்ணுங்க?" என்று கேட்டாள். அதே கேள்வியை அக்கா வாயிலிருந்து கேட்க என்னால் முடியாது. சத்தியமாக முடியாது.

"அத்தான்கிட்ட சொன்னியா?"

"என்னன்னு சொல்றது? நாளைக்கு உங்களையே மறந்துடுவேன்னா?"

"கண்டதையும் படிச்சா மூளை குழம்பாம என்ன செய்யும்!" என்று கத்தினேன். பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். டாக்டரிடம் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கினேன். அதுவரை அக்கா எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை. ஜன்னலோரம் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். பால் பொங்குவதற்குள் அவளே அடுப்பை அணைத்தாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

புதன்கிழமை சாயங்காலம், அவள் என் வீட்டில் போட்டுவிட்டுப் போன அந்தப் புத்தகத்தைப் புரட்டினேன். வட்டம் இருந்தது, புள்ளி இருந்தது. பக்கத்தின் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பாக ஓர் எண்ணெய்க் கறை. அடுத்த பக்கத்திலும். அந்தக் கறையை எனக்குத் தெரியும். அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது, சுவிட்சில் இருக்கிறது, என் கல்யாண ஆல்பத்தில்கூட இருக்கிறது. பார்த்துப் பார்த்துப் பழகிப்போய் அக்கா கண்ணில் அது படவே இல்லை.

செருப்புகூட மாட்டாமல் ஓடினேன்.

"அத்தான்! இது யாரு வேலை?"

அவர் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. பட்டறைக்கு எதிரில்தானே நூலகம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து படித்தாராம்.

"முடிச்சதும் குறி போடணும்ல? துணில போடற சலவைக்குறி மாதிரி வீட்டுக்கு ஒண்ணுன்னு நெனச்சேன். நம்ம குறியைப் போட்டேன்."

அக்கா மெல்ல எழுந்தாள். "அந்த ஏழும் நீங்க படிச்சதா?" அழுதாள், சிரித்தாள், தலையணையை எடுத்து அவர்மேல் எறிந்தாள். "பாவி மனுஷா! உங்களை மறக்கப்போறேன்னு நாலு நாளா செத்துக்கிட்டிருந்தேன்!"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் விளக்கினேன், நடுநடுவே இரண்டு வசவும் சேர்த்து. கேட்டு முடித்ததும் மனிதர் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்கு எதுக்கு இந்தக் கதையெல்லாம்?" என்றேன்.

என்னிடம் சொல்லவில்லை. அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "நீ படிக்கறப்போ உன் முகம் எங்கயோ போயிடுது. அப்படி நீ எங்கதான் போறேன்னு பாக்கலாம்னு வந்தேன்."

இருபத்தெட்டு வருஷத்தில் அவர் இத்தனை வார்த்தை சேர்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பாத்தாச்சா?"

"மலை வரைக்கும் வந்துட்டேன். எப்ப போனாலும் அந்த முறைப்பான ஆளுதான் கதவைத் திறக்கறான். உன்னைத்தான் காணோம்."

அக்கா இன்னொரு நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். என் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கி, முதல் பக்கத்தை விரித்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். உள்ளே பால் பொங்கி வழிந்து கருகும் வாசனை வந்தது. இரண்டு பேரும் அசையவில்லை. தலையெழுத்து, நான்தான் போய் அணைத்தேன்.