பம்புசெட்டில் முதுகு தேய்க்கச் சொன்னவர்

மூன்று வருடங்களுக்கு முன், சித்திரை மாதத்தில், கன்னிவாடி பக்கம் ஒரு கிராமத்துக்குக் காதுகுத்துக்குப் போயிருந்தோம். கணவர் வழிச் சொந்தம். நான் திண்டுக்கல்லில் பள்ளி ஆசிரியை. வகுப்பில் வாய் ஓயாது. விசேஷ வீடுகளிலோ மூலை பார்த்து உட்காருகிறவள். என் இரண்டு கைகளிலும் முதுகிலும் பரவியிருக்கும் வெண்புள்ளிகள்தான் காரணம். யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டார். ஊருக்கு யார் சொல்வது?

அதற்கு முந்தைய வருடம் மகளோடு ஒரு ஓட்டல் நீச்சல் குளத்தில் இறங்கினேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என் கைகளைப் பார்த்தார். உடனே தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டார். திட்டியிருந்தால்கூடத் திருப்பித் திட்டியிருப்பேன். அன்றோடு, நாலு பேர் குளிக்கும் தண்ணீரில் கால் வைப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

காதுகுத்து வீட்டில் காலையில் மோட்டார் மக்கர் பண்ணியது. பெண்கள் எல்லோரும் பக்கத்துத் தோட்டத்துப் பம்புசெட்டுக்குக் குளிக்கக் கிளம்பினார்கள். தலைவலி என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்டேன். அவர்கள் திரும்பிய பிறகு தனியாகப் போய், பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு தொட்டியில் இறங்கினேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் வந்தார். வெண்டைக்காய் பறித்துவிட்டு நேராக வருகிறார் போல, உடம்பைச் சொறிந்தபடியே வந்தார். கைகளைத் தண்ணீருக்குள் ஒளித்தேன். கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர், எதை மறைக்கும்?

அவர் இறங்கி, ஒரு முங்கு முங்கி எழுந்து, என் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். தோளுக்கு மேலாகச் சோப்பையும் பீர்க்கங்காய் நாரையும் நீட்டினார்.

"யக்கா, செத்த முதுகத் தேய்ச்சு விடுங்க. வெண்டச் சொணை, அம்புட்டு அரிப்பு."

பம்புசெட்டில் அது வழக்கம்தான். பக்கத்தில் குளிப்பவர் யாரானாலும் கேட்கலாம். தேய்த்து விட்டவருக்குக் கேட்டவரும் தேய்த்து விட வேண்டும். என் விரல் அவர்மேல் பட்டுவிடாதபடி நாரின் நுனியைப் பிடித்துத் தேய்த்தேன்.

"நாரு குத்துதுக்கா. கையாலயே தேய்ங்க."

இனி மறைத்துப் பயனில்லை. "ஏம்மா, என் கையப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"எறங்கும்போதே பாத்தேனே" என்றார், திரும்பாமலே. "வளவியக் கழட்டிருங்கக்கா, கீறுது."

கழற்றி ஓரமாக வைத்தேன். சோப்பைக் குழைத்து, உள்ளங்கையால் அவர் முதுகு முழுக்கத் தேய்த்தேன். "ஆங், அங்கதான், இன்னுங் கொஞ்சம் கீழ" என்று அதிகாரமாக வேலை வாங்கினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குழாய்க்கு நேராக முகத்தைக் கொடுத்து நின்றேன்.

"திரும்புங்க, ஒங்க மொறை" என்றார். வீட்டு ஆட்கள் தவிர யாரும் தொடாத என் முதுகை, பாத்திரம் விளக்குகிற மாதிரி அழுத்தித் தேய்த்தார். வலித்தது. போதும் என்று சொல்ல மனமே வரவில்லை.

"கரன்ட்டு போயிரும், வெரசா முங்குங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிப் போர்த்திக்கொண்டு வரப்பில் நடந்துவிட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

பரிதாபப்பட்டு என்னிடம் அன்பாகப் பேசியவர்கள் எத்தனையோ பேர் உண்டு. என் கையே வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டவர் அவர் ஒருவர்தான். அதனால்தான் இன்றும் அவரை நினைத்தால் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.