சீட்டுக்குப் போட்ட ரீடர்

இன்று மாலை தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் பேராவூரணி பஸ்ஸுக்கு ஒரே கூட்டம். ஜன்னல் வழியாகப் போட்டு சீட்டுப் பிடிக்கக் கைக்குட்டையைத் தேடினேன், இல்லை. அவசரத்தில் கையிலிருந்த இ-புக் ரீடரைப் போட்டுவிட்டேன்.

முண்டியடித்து ஏறினால், சீட்டில் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர். கையில் என் ரீடர்.

"சார், அது நான் போட்ட சீட்டு."

"துண்டு போட்டாத்தாங்க சீட்டு. இதெல்லாம் செல்லாது."

ரீடரை மட்டும் நீட்டினார். "பட்டனே இல்லையேன்னு தடவினேன், பக்கம் பக்கமா ஓடுது. திரும்ப விட்ட இடத்துலயே வெச்சுட்டேன். ஆமா, கடைசியில அவனா கொலை பண்ணான்?"

எனக்கு இன்னும் மூன்றே பக்கம் பாக்கி!

"சொல்லிடாதீங்க!"

"நீங்க சீட்டு கேக்காதீங்க, நான் சொல்லலை."

ஒரு கை கம்பியில், ஒரு கை ரீடரில். டச் ஸ்கிரீனைத் தள்ள மூன்றாவது கை வேண்டும். மனைவியின் பட்டன் ரீடராக இருந்தால், அதைப் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரலே போதும். அதைப் பழசு என்று கேலி செய்தவன் நான்தான்.

அவர் தொண்டையைச் செருமும்போதெல்லாம், சொல்லிவிடுவாரோ என்று காதைத் தோளில் அழுத்திக்கொண்டேன்.

கடைசியில் மூக்கால் தள்ளினேன். ஒரு பக்கம் நகர்ந்தது. அடுத்ததைத் தள்ளும்போது டிரைவர் பிரேக் போட்டார். மூக்கு எங்கோ பட்டு, கதை முதல் அத்தியாயத்துக்குப் போய்விட்டது.

அவருக்கே பாவமாகிவிட்டது. "விடுங்க சார், அந்த டாக்டர்தான்."

பேராவூரணி வரை நின்றுகொண்டேதான் வந்தேன். அவர் பேச்சை மீறிச் சொன்ன அந்த நொடியே சீட்டு எனக்கு வந்திருக்க வேண்டாமா? நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

மனைவி மட்டும் கமெண்ட் போட வேண்டாம்.