இருபத்தைந்து முட்டையும் ஒரு வேலைக்காரியும்

அன்புவழிபுரத்தில் இருந்தபோது எங்கள் குசினியில் ஒரு சமையல் புத்தகம் கிடந்தது. அம்மாவின் கலியாணத்துக்கு யாரோ கொடுத்தது. ஒன்றும் கிடைக்காத யுத்த காலத்தில் அதை வாசித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லவ் கேக்குக்கு இருபத்தைந்து முட்டை, ஒரு இறாத்தல் கஜு முந்திரிப்பருப்பு, நல்ல பட்டர். ‘வேலைக்காரியைக் கொண்டு அடிப்பிக்கவும்’ என்று வேறு போட்டிருக்கும். வெள்ளைக்காரர்களின் புடிங், பறங்கியரின் கேக் எல்லாம் அதில் உண்டு. நாங்கள் அன்றாடம் தின்ற சூடைமீன் குழம்புக்கு ஒரு வரி கிடையாது. யாருடைய வீட்டை நினைத்து எழுதினார்களோ, அது எங்கள் வீடில்லை.

ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு முந்தின கிழமை, மத்தியானம், சீனன்குடாப் பக்கம் பெரிய வெடிச் சத்தம் கேட்டது. பாதையை மூடிவிட்டார்கள் என்று கதை வந்தது. என் கணவருக்கும் பக்கத்து வீட்டுத் தங்கச்சியின் கணவருக்கும் அங்கேதான் வேலை. காலையில் ஒன்றாகப் போனவர்கள். அவள் என்னிடம் ஓடிவந்தாள். வாசல் படலைக்குப் போவதும் குசினிக்குத் திரும்புவதுமாக அலைந்தோம். கடைசியில் நான் புத்தகத்தை எடுத்தேன்.

“அக்கா, இந்த நேரத்தில கேக்கோ?”

“சும்மா இருந்தா எனக்கு விசர் பிடிச்சிடும். நீ வாசி, நான் அடிக்கிறன்.”

இருந்தது ஆறு முட்டைதான். கஜுவுக்குப் பதில் வறுத்த கச்சான் கடலை, பட்டருக்குப் பதில் மாஜரின். எல்லாவற்றையும் கால்வாசியாக்கினேன். ரவையை மட்டும், காது படலையில் இருந்ததால், புத்தகம் சொன்னபடி முழுவதுமாகக் கொட்டிவிட்டேன். அகப்பை அசையவில்லை.

“அக்கா, இதால மதில் கட்டலாம்,” என்று அவள் சிரித்தாள். ஒழுங்கையில் ஒரு வாகனம் இரைந்துகொண்டு போனது. சிரிப்பு பாதியில் நின்றது.

‘மாலையில் உத்தியோகம் முடிந்து களைத்து வரும் கணவருக்குப் பரிமாறவும்’ என்று கடைசி வரியை வாசித்தாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வராவிட்டால் என்ன செய்வது என்று எழுதத் தெரியவில்லையே இவர்களுக்கு!

பொழுது சாயும் நேரம் படலை திறந்தது. ஓடினேன். என் கணவர், சேட்டெல்லாம் புழுதி. உயிரோடு வந்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகுதான் அவருக்குப் பின்னால் பார்த்தேன். யாரும் இல்லை.

“மற்றவர் எங்கை?”

“இல்லையப்பா,” என்றார் அடிக்குரலில். “உடம்பை நான் கண்டனான்.”

குசினிக்குள்ளிருந்து அவளுடைய குரல் கேட்டது.

“அண்ணை வந்திட்டாரோ? ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊத்தட்டே, அக்கா?”