டூட்டி எப்போது முடியும்?

அந்தப் புகைப்படம் இப்போது எங்கும் இல்லை. மைனி அதை வலைப்பதிவிலிருந்து அழித்தாள், தன் போனிலிருந்து அழித்தாள், அண்ணனுடைய போனையும் பிடுங்கி அழித்தாள். ஆனாலும் எனக்கு அது மனப்பாடம். ஷார்ஜாவில் நாங்கள் வழக்கமாகப் போகும் திரையரங்கின் முன்கூடம். பிளாஸ்டிக் பூசணிக்காய்கள், பஞ்சை இழுத்துக் கட்டிய சிலந்தி வலை. உடம்பெல்லாம் வெள்ளைக் கட்டுத்துணி சுற்றிய அண்ணன் மகன், கன்னத்தில் பூனைமீசை வரைந்த மகள். இருவருக்கும் பின்னால், பாப்கார்ன் கவுண்டரில், யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்க்கும் ஒரு பெண். அவள் முகம்தான் படத்தில் எல்லாவற்றையும்விடத் தெளிவாக விழுந்திருந்தது.

அண்ணன் மனைவியை எங்கள் நாகர்கோவில் பக்கம் மைனி என்போம். நான் ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருந்தேன். அவர்களுடைய ஃபிளாட்டில்தான் தங்கியிருந்தேன். மைனி பல வருடங்களாகத் தமிழில் வலைப்பதிவு எழுதிவந்தாள். மீன்குழம்பு, பிள்ளைகளின் பரீட்சை, லிஃப்டில் சந்தித்தவர்கள், வெயில் என்று எதையும் விடமாட்டாள். குக்கர் விசில் அடிப்பதற்குள் ஒரு பத்தி, துணி காயப்போடும்போது ஒரு பத்தி. போன் அவள் அடித்த தமிழை வேறு தமிழாக மாற்றிவிடும்; திட்டிக்கொண்டே திருத்துவாள். எல்லோரும் வீடியோ பார்க்கப் போய்விட்ட காலத்தில் யார் வாசிக்கிறார்கள் என்று அவளுக்கே தெரியாது. பின்னூட்டப் பெட்டி மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கும். மகள் வேறு, “டோண்ட் ரைட் அபௌட் மீ, அம்மா” என்று கத்துவாள். அண்ணனுக்கு வேறு கவலை. “கம்பெனி பேரு வரப்பிடாது, பில்டிங் பேரு வரப்பிடாது, அடுத்தவன் மூஞ்சி வரவே பிடாது. இந்த ஊருல அதுக்கெல்லாம் கேஸு உண்டும், கேட்டியா” என்று அடிக்கடி சொல்வான். மைனி தலையாட்டுவாள்.

பேய்வேஷம் போடும் ஹாலோவீன் பண்டிகைக்குப் பேய்ப்படம் போகவேண்டும் என்று அந்த வருடம் பிள்ளைகள் ஒற்றைக்காலில் நின்றார்கள். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் போகிறார்களாம். சபைப் பெண்கள் அது சாத்தானுடைய பண்டிகை என்று சொல்லிவைத்திருந்ததால் மைனி இரண்டு நாள் யோசித்தாள். பையனுக்கு நான் பார்மசியில் கட்டுத்துணி வாங்கிவந்து சுற்றியபோதும், “எதுக்கு பிள்ளே சும்மா இருக்க புள்ளைக்கு ஆஸ்பத்திரிக் கட்டு?” என்று முகம் சுளித்தாள். அது சிறுவர்களுக்கான படம்தான். இருட்டில் கதவு கிறீச்சிடும்போதெல்லாம் பிள்ளைகள் கூவிச் சிரித்தார்கள். மைனி மட்டும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சேலைத்தலைப்பால் கண்ணை மூடி ஜெபம் பண்ணினாள். வெளியே வந்ததும் அவளுக்கே சிரிப்பு தாங்கவில்லை. பிள்ளைகளைப் பூசணிக்காய் பக்கம் நிறுத்திப் படம் எடுத்தாள். வீடு வந்து சேர்வதற்குள் காரிலேயே பாதிப் பதிவை எழுதிவிட்டாள்.

அதுவரை அவள் எழுதியதிலேயே அதிகம்பேர் வாசித்தது அதைத்தான். யாரோ ஒரு குழுவில் பகிர்ந்திருந்தார்கள். பின்னூட்டங்கள் வந்தன. அதில் ஒன்றை மைனி என்னிடம் வாசித்துக் காட்டினாள். “சகோதரி, நன்றாக எழுதுகிறீர்கள். பின்னால் நிற்கும் பெண் எங்கள் வீட்டுப் பெண் போல இருக்கிறாள். கோபித்துக்கொண்டு போனவள். அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார். இது எந்தத் திரையரங்கு?” மைனிக்குக் கண் கலங்கிவிட்டது. தன் எழுத்தால் ஒரு தாயும் மகளும் சேரப்போகிறார்கள் என்று நினைத்தாள். திரையரங்கின் பெயரையும், அது எந்த மாலில் இருக்கிறது என்பதையும் உடனே எழுதிவிட்டாள்.

மறுநாள் மதியம் எனக்கு விடுமுறை. மைனி சிங்கில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். போன் ஒலித்தது. “கை முழுக்க செதிலு. நீ வாசி” என்றாள். அதே ஆள்தான். நான் உரக்க வாசித்தேன்: “மிக்க நன்றி சகோதரி. அவளுடைய டூட்டி எப்போது முடியும் என்று தெரியுமா? எந்த வாசல் வழியாக வெளியே வருவாள்?”

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. மைனி அதை நிறுத்தவில்லை.

“தாய் சாகக் கெடக்குன்னா, நம்பரு வாங்கித் தாங்கன்னுதானே கேப்பான்?” என்றாள் மெதுவாக. “எந்த வாசலுன்னு எதுக்காக்கும் கேக்கான்?”

கையைக்கூட ஒழுங்காகக் கழுவாமல் போனை வாங்கிப் பதிவை அழித்தாள். அண்ணனைக் கூப்பிட்டாள். திட்டுவான் என்று நினைத்தேன். ஆனால் அவன் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தான். காரில் மைனியின் கையிலிருந்து மீன்வாடை வீசியது.

கவுண்டரில் அவள் இருந்தாள். முப்பதைத் தாண்டாத வயது, ஒட்டிய கன்னம். நாங்கள் தமிழில் பேசியதும் சிரித்தாள். அழிக்கும் முன் போனில் படம்பிடித்து வைத்திருந்த பின்னூட்டத்தை மைனி காட்டினாள். அந்தச் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது. நிறைய நோயாளிகளைப் பார்த்தவள் நான். ஒரு முகத்திலிருந்து அத்தனை வேகமாக ரத்தம் இறங்கி அதற்கு முன் பார்த்ததில்லை.

“எங்க வீட்டுக்காரர்” என்றாள். பிறகு, “பதில் போட்டுட்டீங்களாக்கா?”

“போட்டுட்டேன் மக்ளே.”

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மைனிக்கு எளிதாக இருந்திருக்கும். பக்கத்தில் அஜ்மானில்தான் அவர் இருக்கிறார், வர அரைமணி நேரம் ஆகாது என்று மட்டும் சொன்னாள். சட்டையிலிருந்த பெயர்ப்பட்டையைக் கழற்றிக் கவுண்டர்மேல் வைத்தாள். சூப்பர்வைசரிடம் ஏதோ சொல்லிவிட்டு, கைப்பையோடு வந்தாள். “வேலை போனாப் போகுது. இதுக்கு முன்னாடியும் ஒரு இடத்தை இப்படித்தான் விட்டுட்டு வந்தேன்.”

சரக்கு இறக்கும் வழியாக எங்களைக் கூட்டிப்போனாள். பார்க்கிங்கில் எங்கள் காருக்கு நாலைந்து வண்டி தள்ளி, ஒரு வெள்ளைக் காரில் சாய்ந்தபடி ஒருவர் போன் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என் தோளைப் பிடித்துக் குனிந்தாள். அது அவர்தானா என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பின்சீட்டில் என் மடியில் முகம் புதைத்துப் படுத்துக்கொண்டாள். துப்பட்டாவுக்குள் அவள் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அண்ணன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். எந்த வெள்ளைக் கார் பின்னால் வந்தாலும் லேன் மாறினான்.

“போலீஸுல சொல்லலாமே” என்றான் ஒருமுறை.

“அவரையும் கூப்பிடுவாங்கள்ல. அந்த முகத்தை என்னால பாக்க முடியாதுண்ணே.”

துபாய் தேராவில் அப்ரா படகுத்துறை பக்கம் இறக்கிவிடச் சொன்னாள். எங்கே போகிறாய், நம்பர் கொடு, தெரிந்தவர்களிடம் வேலைக்கு விசாரித்துச் சொல்கிறோம் என்று மைனி கெஞ்சினாள். “உங்களுக்குத் தெரியாம இருக்கறதுதான்க்கா நல்லது” என்றாள் அவள். அதில் குத்தலே இல்லை. உண்மையைச் சொன்னாள், அவ்வளவுதான். கூலித்தொழிலாளிகளுக்கு நடுவே படகில் ஏறி, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். படகு மறுகரையை அடையும்வரை மைனி வெயிலில் நின்றாள்.

இரண்டு நாள் கழித்து, வலைப்பதிவில் இருந்த முகவரிக்கு அந்த ஆளிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. “சகோதரி, படத்தை ஏன் எடுத்துவிட்டீர்கள்? உங்கள் பிள்ளைகள் மிக அழகாக இருந்தார்கள்.” அதன்பிறகு பள்ளிப் பேருந்து வரை பிள்ளைகளை மைனியே கைபிடித்துக் கூட்டிப்போனாள். கதவு மணி அடித்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு துளை வழியாகப் பார்ப்பாள். இன்னும் இரண்டு மடல்கள் அதே பணிவோடு வந்தன. பிறகு நின்றுவிட்டன. சில மாதங்கள் கழித்து அந்தத் திரையரங்கில் விசாரித்தேன். அவள் திரும்ப வரவே இல்லை என்றார்கள்.

நான் இப்போது புஜைராவில் வேலை பார்க்கிறேன். மைனி இன்றும் எழுதுகிறாள். பதிவுகளில் சட்டி பானை இருக்கும், கடல் இருக்கும்; மனித முகம் ஒன்று இருக்காது. போன மாதம் அவளைப் பார்க்கப் போனபோது, இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டுவிட்டேன். “அந்த ஆளு பிறவு எழுதவே இல்லியா, மைனி?”

“இல்ல” என்றாள். “எழுதிக்கிட்டு இருந்தாம்னா இன்னும் தேடுகான்னு இருக்கலாம். நிப்பாட்டிட்டானே பிள்ளே. அதுக்கு என்ன அர்த்தம்?”