ஒரே ஒரு ஆள்தான் இருக்கு

இதைக் கட்டுக்கதை என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. என் மச்சானைக் கூட்டிக்கொண்டு வந்து எதிரே நிறுத்திவிடுவேன். ஐந்தாம் சீன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் முகம் போகிற போக்கைப் பார்த்தே அவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, மொட்டை மரம் என்று எதிர்பார்த்து உட்காராதீர்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று நாற்பத்திரண்டு. வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். ஆனால் நான் வேலை பார்க்கிற கொட்டகைக்குள் பகல் என்று ஒன்று கிடையவே கிடையாது.

நான் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் மெக்கானிக். பதினாறு வருஷமாக ஒரே ஒரு சவாரிதான் என் பொறுப்பு. ஜன்னலே இல்லாத பெரிய கொட்டகை. உள்ளே கால்வாய், கால்வாயில் படகு, இரண்டு கரையிலும் சீன் சீனாகப் பிரித்த ஒரு பழைய கடைத்தெரு. முடி வெட்டுகிறவர், துணி அளக்கிறவர், குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிற அம்மா என்று மொத்தம் முப்பத்தெட்டு பொம்மைகள். காற்றழுத்தத்தில் கை அசையும், தலை திரும்பும், கண் சிமிட்டும். எங்களில் யாரும் பொம்மை என்று சொல்ல மாட்டோம். 'ஆள்' என்போம். "நாலாம் ஆளுக்குக் கழுத்து லூசு." "இருபதாம் ஆளுக்குக் காத்து ஏறல." இப்படித்தான் எங்கள் பேச்சு. இந்த ஒரு வார்த்தை அன்றைக்கு என் குடும்பத்தைக் கவிழ்க்கப் பார்த்தது.

போன வருஷம் மேலிடத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். பொம்மைகள் பழசாகிவிட்டன, எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் திரை வைக்கலாம் என்று. எனக்கு வயிறு எரிந்தது. போதாக்குறைக்கு அந்தத் திரை கம்பெனியிலிருந்து வேலைக்கு வந்து நின்றவன் யார் தெரியுமா? என் பெண்டாட்டியின் உடன்பிறந்த தம்பி! ஆபீசில் அவனுக்கு 'பிக்சல்' என்று பட்டப்பெயர். எனக்கு அவன் மாப்ள. நான் அவனுக்கு மாமா. ஒரு வாக்கியத்துக்கு ஒரு 'மாமா' போடாமல் அவனுக்குப் பேச்சே வராது.

"பொம்மை ரிப்பேர் ஆனா சவாரியே நின்னுடும் மாமா. திரைன்னா ஒரு பட்டனைத் தட்டி கதையையே மாத்திடலாம் மாமா."

"போடா டேய். ஒரு குழந்தை கையை நீட்டித் தொட்டுப் பார்த்தா உன் திரையில என்ன இருக்கு? வெறும் துணி."

"தொடவே முடியாதபடி தூரமா வைப்போம் மாமா."

இந்தச் சண்டை வீட்டிலும் நடக்கும். என் பெண்டாட்டி நடுவில் மாட்டிக்கொண்டு தலையில் அடித்துக்கொள்வாள். ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "நீங்க ரெண்டு பேரும் அங்க கட்டிப் புரளுங்க, எனக்கென்ன வந்துச்சு. ஆனா எனக்கு இருக்கிறது ஒரே தம்பி. அவன் தினமும் முழுசா வீடு வந்து சேரணும். அது உங்க பொறுப்பு, சொல்லிட்டேன்."

அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. ஐந்தாம் சீனில் வைத்த திரை சும்மா தொங்குகிற திரை இல்லை. நாலு டன். தண்டவாளத்தில் நகரும். மின்சாரம் கொடுத்ததும் முதல் வேலையாகப் பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டி நிற்கும். சுவருக்கும் அதற்கும் நடுவே நாலு விரல் இடைவெளிதான் மிஞ்சும். அந்த நேரத்தில் பின்னால் மனுஷன் யாராவது இருந்தால்... அவ்வளவுதான்.

அதனால் எங்களிடம் ஒரு முறை உண்டு. கன்ட்ரோல் ரூமில் இருக்கிறவன் வாக்கிடாக்கியில் கேட்க வேண்டும். உள்ளே வேலை பார்த்தவனிடமிருந்து பதில் வர வேண்டும். அப்புறம்தான் சாவியைத் திருப்ப வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கெல்லாம் எங்களுக்குள் முட்டிக்கொண்டது. முப்பத்தேழு ஆட்களைக் கழற்றி ஸ்டோருக்கு அனுப்பியாகிவிட்டது. மிச்சம் ஒன்பதாம் ஆள் மட்டும். கையில் விளக்குத் தூக்கி நிற்கிற பெண். துருப்பிடித்த போல்ட் இரண்டு நாளாகக் கழலவில்லை. "அதையும் பேத்து எறிஞ்சிடலாம் மாமா" என்றான். எனக்குச் சுருக்கென்று ஏறியது. "உன் திரையைக் கட்டிக்கிட்டு அதுக்குப் பின்னாடியே கிடடா" என்று கத்திவிட்டேன். நாக்கில் சனி உட்கார்ந்திருந்த நேரம்.

அவன் டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

பதினொன்றே காலுக்கு மேலாளர் கூப்பிட்டார். அவர் அறையில் சோதனை ஓட்டத்துக்கான தாள்களில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கன்ட்ரோல் ரூமுக்குத் திரும்பும்போது மணி பதினொன்று நாற்பது. பதினொன்றே முக்காலுக்குத் திரையை ஓட்டிக் காட்ட வேண்டும். மச்சான் அந்த நேரத்துக்கு எப்போதும் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருப்பான். அவன் கையில் வாக்கிடாக்கி செட் இருக்கும். உள்ளே எல்லாம் முடித்துவிட்டுத்தான் கிளம்பியிருப்பான் என்று நினைத்தேன்.

பதினொன்று நாற்பத்திரண்டு. செட்டை அழுத்தினேன்.

"அஞ்சாம் சீன்... உள்ள ஆள் இருக்கா?"

கர்ர்ர்ர்...

பிறகு மச்சானின் குரல். தெளிவாக.

"ஒரே ஒரு ஆள்தான் இருக்கு."

நான் என்ன புரிந்துகொள்வேன்? நீங்களே சொல்லுங்கள். ஒன்பதாம் ஆள் இன்னும் நிற்கிறது, அதைத்தான் சொல்கிறான். அது நிற்பது வளைவில், திரையிலிருந்து இருபதடி தள்ளி. ஒரு ஆபத்தும் இல்லை. "சரி" என்று சாவியைப் போட்டேன்.

முதல் திருப்பு. மஞ்சள் விளக்கு எரிந்தது. இரண்டாவது திருப்பில் மின்சாரம் பாயும்.

என் கை நின்றுவிட்டது.

என்னவோ குறைந்தது. உப்புப் போடாத சாப்பாட்டை வாயில் வைத்த மாதிரி. என்ன, என்ன என்று யோசித்தேன். மஞ்சள் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது.

மாமா.

மாமா என்று அவன் சொல்லவில்லை.

காலையில் திட்டிய கோபமாக இருக்குமோ? இருக்காது. போன மாசம் பெரிய சண்டை போட்டபோதுகூட அவன் சொன்னது, "இனிமே உங்ககூடப் பேசவே மாட்டேன் மாமா" என்றுதான்.

மறுபடி செட்டை அழுத்தினேன். "மாப்ள?"

கர்ர்ர்ர்...

"மாப்ள, நீ எங்கடா இருக்க?"

பத்து விநாடி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஒரே ஒரு ஆள்தான் இருக்கு."

அதே குரல். அதே இழுப்பு. முதல் தடவை எந்த இடத்தில் மூச்சு விட்டதோ, அதே இடத்தில் மூச்சு.

சாவியைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓடும்போது என் பெண்டாட்டியின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. ஒரே தம்பி. ஒரே தம்பி.

பதினொன்று நாற்பத்தாறு. கொட்டகைக் கதவைத் திறந்தேன்.

உள்ளே கும்மிருட்டு. படம் துல்லியமாகத் தெரிகிறதா என்று பார்க்க எல்லா விளக்கையும் அணைத்திருந்தார்கள். கால்வாயில் தண்ணீர் இல்லை. ஈர சிமெண்ட் வாடை. நான் ஓரமாக, டார்ச்சைத் தரையில் அடித்துக்கொண்டு நடந்தேன்.

முதல் சீன் காலி. இரண்டாவது காலி. பதினாறு வருஷம் என்னைப் பார்த்துத் தலையாட்டிய ஆட்கள் யாரும் இல்லை. தரையில் போல்ட் ஓட்டைகள் மட்டும்.

அப்போது கேட்டது.

ஸ்ஸ்ஸ்ஸ்...

காற்றுச் சத்தம். ஆள் கையைத் தூக்கும் முன்னால் வருகிற சத்தம். எனக்குத் தூக்கத்தில் கேட்டால்கூடத் தெரியும்.

ஆட்களுக்குக் காற்று அடைக்கிற கம்ப்ரஸரைக் கழற்றி நாலு நாள் ஆகியிருந்தது.

நின்றேன். சத்தமும் நின்றது.

நடந்தேன். ஸ்ஸ்ஸ்ஸ்... முன்னால். வளைவுப் பக்கம்.

ஒன்பதாம் ஆள் நிற்கிற இடம். பாவாடை ஓரம் டார்ச்சில் தெரிந்தது. அதன் வலது கை எப்போதும் போல நடைபாதைக்குக் குறுக்கே தொங்கியது. ஸ்ப்ரிங் தேய்ந்துபோன கை. நாங்கள் எல்லோரும் போகிற போக்கில் அதை ஒதுக்கிவிட்டுத்தான் போவோம். பழக்கம்.

நானும் ஒதுக்கினேன்.

எப்போதும் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அன்று வரவில்லை. கை மெதுவாக... தானாகவே... எனக்கு வழி விட்டது.

நான் முகத்தைப் பார்க்கவில்லை. டார்ச்சை மேலே தூக்கவில்லை.

எட்டி நடை போட்டேன். திரை தெரிந்தது. அதன் பின்னால், சுவர் ஓரமாக, ஒரு சின்ன வெளிச்சம்.

"மாப்ள!"

சத்தம் இல்லை.

"டேய் மாப்ள!"

"மாமா...?"

உள்ளேதான் இருந்தான். திரைக்கும் சுவருக்கும் நடுவில், செல்போன் வெளிச்சத்தில், சுவரோடு முதுகை ஒட்டி நின்றுகொண்டிருந்தான்.

"வெளிய வாடா!"

"வரலாமா மாமா?"

"வாடான்னா!"

பக்கவாட்டில் நகர்ந்து வந்தான். சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தேன். பளாரென்று ஒன்று வைத்தேன். அடுத்த நொடி கட்டிப்பிடித்துக்கொண்டேன். அழுதேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன், அதில் வெட்கம் என்ன இருக்கிறது.

"உள்ள நின்னுக்கிட்டு செட்டுல ஏன்டா அப்படிச் சொன்ன?"

"எந்த செட்டு மாமா?"

"உன் செட்டுதான்டா!"

"அது சார்ஜர்ல கிடக்கு மாமா. உங்க நாற்காலிக்குப் பின்னாடி."

அவன் கையைப் பிடித்தேன். ஓடினோம்.

வளைவைத் தாண்டினோம். தோளில் எதுவும் இடிக்கவில்லை. அப்போது அது மண்டையில் ஏறவில்லை.

வெளியே வெயிலில் வந்து விழுந்தபோது மணி பதினொன்று ஐம்பத்தொன்று.

கன்ட்ரோல் ரூமில் போய்ப் பார்த்தேன். அவன் செட் சார்ஜரில்தான் இருந்தது. அணைத்து வைத்திருந்தது.

மேலாளரிடம் மோட்டாரில் கோளாறு என்று சொல்லிச் சமாளித்தேன். மத்தியானம் வேலையில் இருந்த ஆறு பேரையும் வாசலில் நிறுத்தி, தலையை எண்ணி, சாவியைத் திருப்பினேன். நாலு டன் திரை அலுங்காமல் பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டியது.

சாயங்காலம் ஐந்தரைக்கு ஸ்டோர்காரர் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கையெழுத்துக்கு வந்தார். நல்ல மனுஷன், வளவளவென்று பேசுவார். கடைசி வரியைப் பார்த்தேன். ஒன்பதாம் ஆள், ஸ்டோருக்கு வந்து சேர்ந்த நேரம், காலை எட்டு பத்து.

"என்னங்க இது? மத்தியானத்துக்கு மேலதானே எடுக்கச் சொன்னேன்?"

"ஆமாங்க. காலையில நம்ம பசங்க சும்மா தொட்டுப் பார்த்தாங்களாம். போல்ட்டு கையோட வந்துடுச்சாம். அப்படியே தூக்கிட்டு வந்துட்டாங்க. வேணும்னா வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறையைச் சுற்றி, கயிறு கட்டி, அலமாரியின் மேல்தட்டில் படுக்க வைத்திருந்தார்கள்.

அப்படியானால் பதினொன்று நாற்பத்தெட்டுக்கு நான் ஒதுக்கிவிட்ட கை...?

யாரிடம் சொல்வது? மச்சானிடம்தான் சொன்னேன். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், கடைசி சீட்டில், ஒன்றுவிடாமல் எல்லாம். செட்டில் கேட்ட குரல், காற்றுச் சத்தம், கை, எட்டு பத்து. 'அப்படியெல்லாம் இருக்காது மாமா' என்று சொல்லுவான், சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சத்தியமாக அதற்காகத்தான் சொன்னேன்.

அவன் சிரிக்கவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா... ஒண்ணு கேக்கவா மாமா?"

"கேளு."

"நான் பதினொண்ணரைக்கே வேலையை முடிச்சிட்டேன் மாமா. டீ குடிக்கக் கிளம்பினேன். அப்போ திரைக்கு அந்தப் பக்கத்துல நின்னு நீங்க சொன்னீங்கல்ல?"

"நான் என்ன சொன்னேன்?"

"'மாப்ள, அங்கேயே நில்லு. சுவரோட ஒட்டி நில்லு. நான் கூப்பிடுற வரைக்கும் வெளிய வராத'ன்னு."

பதினொன்றரைக்கு நான் மேலாளர் அறையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

காலையில் அவ்வளவு திட்டியும், என் பேச்சு என்றதும் கால் மணி நேரம் கேள்வி கேட்காமல் அந்த இருட்டில் நின்றிருக்கிறான் பாவி. அவன் என் சொல்லைத் தட்ட மாட்டான் என்று அதற்கும் தெரிந்திருக்கிறது.

"உங்க குரலேதான் மாமா. ரெண்டு தடவை சொன்னீங்க." அவன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "ரெண்டாவது தடவை... என் காதுக்குப் பக்கத்துல. திரைக்கு உள்பக்கம், நான் நின்ன சந்துக்குள்ள இருந்து மாமா."