மூடிய வாளி

அனுஸ்கா, உறைகடல் ஓரத்து எங்கள் ஊரின் சுகாதாரப் பணியாளர். ஒரு மருந்துப் பெட்டி, ஒரு ரேடியோ, ஆறு வாரப் பயிற்சி. டாக்டர் விமானத்தில் ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தார்.

கடல்நாயின் துடுப்புக்காலைப் புல் விரித்த குழியில் போட்டுப் புளிக்கவைத்துத்தான் தின்போம். அந்த வருடம் ஊர் நாய்கள் குழிகளைக் கிளறின. இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியொன்றைத் தன் மாமன் மகன் எவோனுக்கு அனுஸ்காதான் கொடுத்தாள். சுத்தமாக இருக்கும் என்றாள். அவன் அதை அடுப்போரம் வைத்தான்.

முறை உள்ளவர்கள் பார்த்தவுடன் கேலி பேசிக்கொள்ள வேண்டும் எங்களிடையே. பேசாவிட்டால்தான் ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம். அதனால் வாளியைத் திறந்து தின்ற மறுநாள் காலை, எவோன் மருந்தகத்துக்கு வந்து சொன்னதைக் கேட்டு அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"ஏ அனுஸ்கா, இன்னிக்கு நீ ரெண்டு பேரா தெரியற. ஒருத்தியையே ஊரு தாங்கல."

"அதுல ஒருத்தியாவது உன்ன திரும்பிப் பாக்குறாளா மச்சான்?"

"ரெண்டும் குண்டு."

போகும்போது கதவில் இடித்துக்கொண்டான். அதற்கும் சிரித்தார்கள்.

"கதவும் ரெண்டா இருந்துச்சோ?" என்றாள் அனுஸ்கா.

அவன் கதவைப் பிடித்தபடியே நின்றான். அவள் எழுந்து அவன் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள். இமைகள் பாதியில் நின்றிருந்தன.

"வாளியத் தொறந்தியா?"

"கொஞ்சந்தான்..." நாக்கு குழறியது.

ரேடியோவில் விமானத்துக்குச் சொன்னாள். அவன் ஏற மாட்டேன் என்றான். கடல்பனியில் கடல்நாய்களின் மூச்சுத்துளைகள் தெரியத் தொடங்கிய வாரம் அது. ஈட்டியோடு துளையருகே நிற்கவேண்டிய வாரம்.

"கடல்நாய் மூச்சுத்துளைய மூடினா என்னாகும் மச்சான்?"

"செத்துரும்."

"வாளிக்குள்ள வளந்த கிருமி அதுக்கு நேர் எதிர். காத்துப் பட்டா வளராது. துளைய மூடினாத்தான் பெருகும், விஷம் கக்கும். மூடியக் கொடுத்தவ நான். இப்ப அந்த விஷம் உன் மூச்ச நிறுத்தப் போவுது. ஏறு."

ஏறினான். அவளும் கூடப் போனாள்.

நகரத்து ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். அன்று மாலையே இயந்திரம் அவனுக்காக மூச்சு விடத் தொடங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து அந்த மூச்சுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். கடல்நாய் ஒரே மூச்சில் இருபது நிமிடம் அடியில் கிடக்கும். இந்தக் கிருமியோ அதே கரைச் சேற்றில் வருடக்கணக்காகச் சும்மா கிடக்கும். ஒன்றைக் காத்திருந்து பிடிக்க எவோனுக்குத் தெரியும். மற்றது அவளுடைய வாளிக்காகக் காத்திருந்தது.

தினமும் கேலி பேசினாள். அவன் மூக்கை, அவன் படகை, அவன் சமையலை. ஆறாவது நாள் பேச்சு வராமல் எழுந்து ஜன்னலோரம் நின்றாள்.

ஒன்பதாவது நாள் குனிந்து, "இப்ப எத்தன அனுஸ்கா மச்சான்?" என்றாள்.

இமை கொஞ்சம் அசைந்தது. போர்வைமேல் ஒரு விரல் மெல்ல எழுந்தது.

பிறகு, அதே கையால், குண்டு என்று காட்ட முயன்றான்.