திருமயத்து வாடகைக் கார்

திருமயத்தில் அன்று கிடைத்தது அந்த ஒரு வாடகைக் கார்தான். ஏதோ செட்டியார் வீட்டில் ஓடி ஓய்ந்து, அவர்கள் கழித்துவிட்ட வண்டி. பின்கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லி உடம்பு, சாயம் போன காக்கிச் சட்டை, வெறுங்கால்.

என் நாலு வயது மகளின் தொண்டையில் புளியங்கொட்டை சிக்கி, ஒவ்வொரு மூச்சும் விசில் மாதிரி வந்துகொண்டிருந்தது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

டிரைவரோ காலி ரோட்டிலும் தையல் மிஷினை மிதிப்பதுபோல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எதுக்குய்யா சும்மா சும்மா பிரேக்கை மிதிக்கிறீங்க? புள்ள மூச்சு நின்னுரும்போல இருக்கு!”

“மிதிச்சுக்கிட்டே வந்தாத்தாங்க, வேணுங்கிறப்ப கொஞ்சமாச்சும் பிடிக்கும்” என்றார், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

புதுக்கோட்டைக்கு முன்னால் ரயில்வே கேட் மூடிக்கொண்டிருந்தது. ரயிலின் புகை தெரிந்தது. அவர் கியரைக் குறைத்தார், மிதித்தார், மிதித்தார். நான் மகளை நெஞ்சோடு அணைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கேட் கம்பி காரின் மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது.

டாக்டர் கொட்டையை எடுத்துவிட்டார். டிரைவரை நாலு வார்த்தை கேட்டுவிடும் கோபத்தோடு வெளியே வந்தேன்.

“பாப்பா நல்லா மூச்சு விடுதுங்களா?” என்றார், கதவைத் திறந்துவைத்து சீட்டிலேயே உட்கார்ந்திருந்தவர்.

“விடுது. பிரேக் இல்லேன்னு ஏறும்போதே ஏன் சொல்லலை?”

“சொன்னா ஏறியிருப்பீங்களா? ஏறாட்டி, வேற எதுல கொண்டாந்திருப்பீங்க?”

தலையைக் குனிந்தேன். வண்டி நின்று ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவருடைய வலது கால் இன்னும் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது.